சேறு தெளியும் வரை

ஆறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அவளும் அண்ணியும் வந்து சேர்ந்தபோது வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. யாருக்கும் பயம் வருகிற பொழுதே இல்லை. அண்ணி ரப்பர் பூட்ஸைத் திட்டிக்கொண்டே நடந்தாள். ஊரில் உள்ள சாக்கடையையெல்லாம் மிதித்தாகிவிட்டது, இது ஒன்றுதான் பாக்கி என்று அலுத்துக்கொண்டாள்.

அண்ணி தண்ணீரைப் பரிசோதிக்கிறவள். அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த கையோடு நாத்தனாரையும் இந்த வேலைக்குள் இழுத்துவிட்டாள். அண்ணி சொல்லும் முடிவுகளை வைத்து இவள் வரைபடம் போடுவாள். நல்ல தண்ணீருக்கு நீலம், கெட்டதற்குச் சிவப்பு. மலையடிவாரத்திலிருந்து கழிமுகம் வரை ஆற்றில் சேரும் எல்லா ஓடைக்கும் நிறம் கொடுத்தாயிற்று. ஒரே ஒரு கால்வாய் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. அதற்குக் கீழேதான் ஆறு சிவப்பாகிறது.

இவர்களுக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவரும் அதை வெள்ளையாகத்தான் விட்டிருந்தார். அவர் யாரிடமும் சொல்லாமல் வேலையை விட்டுப் போய்விட்டதாக அலுவலகத்தில் பேச்சு.

கால்வாயின் கடைசிப் பகுதி செங்கல் வைத்துக் கட்டிய சுரங்கம். அதன் வாயில் கனமான ஓர் இரும்புக் கதவு மேலிருந்து தொங்கியது. கடல் வற்றும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் அதைத் தள்ளித் திறக்கும். கடல் ஏறும்போது வெளித் தண்ணீர் அழுத்தி மூடிவிடும். இருவரும் கதவைத் தூக்கி, கரையில் கிடந்த மரக்கட்டை ஒன்றை முட்டுக் கொடுத்துவிட்டுக் குனிந்து நுழைந்தார்கள்.

உள்ளே நாற்றம் மூக்கைத் துளைத்தது. முழங்கால் அளவு தண்ணீர். ஆனால் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. எதுவும் வாழாத தண்ணீருக்கு அப்படி ஒரு தெளிவு உண்டு. அண்ணி கருவியை நனைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். ஆக்சிஜன் பூஜ்யம். ஒரு புழுகூட இதில் மூச்சு விட முடியாது.

அவர்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. காலடி பட்டுக் கலங்கிய தண்ணீரைப் பிடிக்கக் கூடாது, கணக்கே தப்பாகிவிடும். இறங்கியதும் ஆடாமல் அசையாமல் நின்று, சேறு அடங்கிய பிறகுதான் பாட்டிலை அமிழ்த்த வேண்டும். அந்தச் சேறோ அடங்குவேனா என்றது. இருவரும் தலைவிளக்குகளைக் கீழே பாய்ச்சியபடி, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிலைபோல் நின்றார்கள்.

பின்னால் டமாரென்று சத்தம்.

தண்ணீரே பிழைப்பாகக் கொண்ட இரண்டு பேருக்கு மரக்கட்டை மிதக்கும் என்பது மறந்துபோயிருந்தது. கடல் ஏறி, கட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. தோளைக் கொடுத்து முட்டிப் பார்த்தார்கள். ஆற்றையே தள்ளுவது போலிருந்தது. போனில் சிக்னல் இல்லை. மறுகோடியில் இரும்புக் கம்பி வலை. கத்தினால் யாருக்குக் கேட்கும்?

அண்ணி சுவரில் இடுப்புயரத்தில் ஓடிய பாசிக் கோட்டைக் காட்டினாள். வெளியே வழியில்லாமல் கால்வாய்த் தண்ணீர் தேங்கினாலும் இடுப்புக்கு மேல் ஏறாது, கடல் வற்றினால் கதவு தானாகத் திறந்துகொள்ளும், சாயங்காலத்துக்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று தைரியம் சொன்னாள். கைக்குழந்தையை வீட்டில் விட்டு வந்தவள்.

சுற்றிலும் சேறு படிந்தது. தண்ணீர் தெளிந்தது.

அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். வெளிச்சம் மங்கும் தூரத்தில், தரையிலிருந்து சேறு புகைபோல் குப்பென்று எழுந்தது.

"அண்ணி, மீனா இருக்குமா?"

"இந்தத் தண்ணியில ஏது மீனு?"

அந்தப் புகை மெல்ல அடங்கியது. அடங்கிய இடத்தில் ஒரு குழி. குதிகால், பாதம், ஐந்து விரல்கள்.

அதற்கு மேல் யாரும் இல்லை. வெறும் தண்ணீர்.

இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள். தண்ணீர் முழுக்கத் தெளிந்ததும், இன்னும் ஓரடி கிட்டத்தில் சேறு மறுபடி எழுந்தது.

நின்றது.

காத்திருந்தது.

தெளிந்ததும் அடுத்த அடி.

"தெளியட்டும்னு நிக்குது," என்றாள் அண்ணி, காற்றாகப் போன குரலில். "நம்மள மாதிரியே."

பழைய ஆள் வேலையை விட்டுப் போகவில்லை, இங்கிருந்து வெளியே வரவேயில்லை என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

அண்ணிதான் முதலில் காலை உதறினாள். சேறு கிளம்பித் தண்ணீர் கறுத்தது. அவளும் உதறினாள். கலங்கல் இருந்தவரை எதுவும் நெருங்கவில்லை. ஆனால் எவ்வளவு நேரம்தான் மிதிப்பது? தண்ணீர் தொடைக்கு ஏறியது, இடுப்புக்கு ஏறியது. பூட்ஸ் கல்லாய்க் கனத்தது. ஒருவர் ஓய, மற்றவர் மிதித்தார்கள். அவளுக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டபோது அவளுக்கும் சேர்த்து அண்ணியே மிதித்தாள். கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளை பெயரை முணுமுணுத்துக்கொண்டு மிதித்தாள்.

ஒரே ஒரு தடவை இருவரும் சேர்ந்தாற்போல் ஓய்ந்துவிட்டார்கள். கண்ணயர்ந்த நேரம்தான் இருக்கும்.

அண்ணி வீலென்று அலறினாள். அவளுடைய இரண்டு பாதங்களுக்கும் நடுவில் சேறு குப்பென்று எழுந்தது.

கதவு கிறீச்சிட்டது. கீழ் விளிம்பில் ஒரு கோடு வெளிச்சம். அவள் அண்ணியின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வெளியே போய் விழுந்தாள். மேற்கே வானம் சிவந்திருந்தது. இருவரும் மணலில் கிடந்து குழந்தைகள்போல் அழுதார்கள்.

அந்தக் கால்வாயை வெள்ளையாகவே விட்டு அவள் வரைபடத்தைக் கொடுத்துவிட்டாள். மேலதிகாரி தலையைச் சொறிந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் போன் செய்தான். உன் அண்ணி உட்கார்ந்தால் காலாட்டுகிறாள், படுத்தால் காலாட்டுகிறாள், ராத்திரி தூங்குவதே இல்லை, டாக்டர் நரம்பு என்கிறார், நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு என்றான். அவள் உடனே கிளம்பிப் போனாள்.

கூடத்தில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை பாயில் தூங்கியது. அண்ணி நாற்காலியில் பாதியாக இளைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பாதங்களும் தரையை விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தன. குதிகாலில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

"நிறுத்தினா கிட்ட வருது," என்றாள் அண்ணி.

தனக்கும் சேர்த்து மிதித்த கால்கள் அல்லவா? மண்டியிட்டு உட்கார்ந்து அந்தக் கால்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"நாம வெளிய வந்துட்டோம் அண்ணி. இது உங்க வீடு. இங்க தண்ணி இல்ல, சேறு இல்ல. கொஞ்ச நேரம் கண்ண மூடுங்க. நான் பாத்துக்கறேன்."

அண்ணி அவளை நம்பினாள். முதலில் ஒரு கால் ஓய்ந்தது. பிறகு மற்றது. கண்கள் மெல்ல மூடின.

வீடு அமைதியானது.

காய்ந்த தரையில், பாய்க்கு இந்தப் பக்கம், கறுப்பாக ஒரு பாதம் பதிந்தது. ஐந்து விரல்களும் குழந்தையைப் பார்த்திருந்தன.

அவள் அண்ணியின் கால்களைத் தரையில் இறக்கி வைத்து, தோளைப் பிடித்து உலுக்கி எழுப்பினாள். பிறகு பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவளும் கால்களை ஆட்டத் தொடங்கினாள்.