கழுத்தை விடாதே, விஜயா!

"இழுங்கடா அவன வெளிய!"

அந்தக் கூச்சலில் நமுனுகுல மலையில் உட்கார்ந்திருந்த மேகமே எழுந்து ஓடியிருக்க வேண்டும்.

ஓடவில்லை... அதற்கும் வேடிக்கை பார்க்க ஆசை!

ரோட்டுக்குக் கீழே, தேயிலைச் செடிகளுக்கு நடுவே, சவுக்கு மரத்தில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது தோட்டத்து டபுள் கேப் வண்டி.

டிரைவர் சீட்டில் தோட்டத்து டிரைவர் ரஜீவ். நெற்றியில் ரத்தம். கண் மூடியிருந்தது.

பின் சீட்டிலிருந்து அவன் தலையை இரண்டு கைகளாலும் அசையாமல் பிடித்திருந்தாள் விஜயலெட்சுமி. பதுளையிலிருந்து வந்த ஆம்புலன்ஸ் நர்ஸ்; தோட்டத்து வாயில் 'மிஸ்ஸி'.

வெளியே இருநூறு பேர். கோபத்தையும் கூட்டினால் இரண்டாயிரம்!

மரத்தில் மோதுவதற்கு முன் அந்த வண்டி இராக்கம்மாவின் மேல் மோதியிருந்தது. கொழுந்துக் கூடையோடு ரோட்டோரம் நடந்தவள். இரண்டு காலும் நொறுங்கி, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள்.

"மிஸ்ஸி, கைய எடு!"

ஜன்னலில் இராமையாவின் முகம். இராக்கம்மாவின் புருஷன். தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி கையில் மின்னியது.

"எடுத்தா செத்துருவாரு அண்ணே. கழுத்தெலும்பு ஒடஞ்சிருக்கலாம்."

"சாகட்டும்! எம்பொஞ்சாதி கால ஒடச்சவனுக்குக் கழுத்து எதுக்கு?"

"சரியாச் சொன்ன இராமையா!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் நிமலன். தோட்டத்துச் சின்னத்துரை, அதாவது உதவி மேனேஜர். கழுத்து வரைக்கும் ஜிப் இழுத்த ஜாக்கெட்.

"மலை சுத்தி வேல பாத்துக்கிட்டிருந்தேன்... என் கண்ணால பாத்தேன். இவன் பேய் மாதிரி ஓட்டிட்டு வந்தான்! கையப் புடிச்சு இழுங்கப்பா, வண்டி நெருப்புப் புடிக்கப் போகுது!"

"புடிக்காது தொர. சாவிய எடுத்தாச்சு. சக்கரத்துக்குக் கல்லும் வச்சாச்சு."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? இழுங்கடா!"

நாலு கைகள் ஜன்னலுக்குள் பாய்ந்தன!

"தொட்டுப் பாருங்க, கடிச்சு வச்சிருவேன்! எனக்குக் கை ரெண்டும்தான் வேலையா இருக்கு... பல்லு சும்மாதான் இருக்கு!"

நாலு கைகளும் வந்த வேகத்தில் திரும்பின.

இந்தச் சந்தில் ஆம்புலன்ஸ் டிரைவர் ஷிராஸ் முதலுதவிப் பையோடு இடப்பக்கக் கதவு வழியாக நுழைந்து, கழுத்தை அசையவிடாத காலரை ரஜீவுக்கு மாட்டினான். பிறகு சீட் பெல்ட்டைக் கழற்றப் பார்த்தான்.

"இறுகிப் போச்சு மிஸ். கத்தரி மேல ரோட்டுல, ஆம்புலன்ஸ்ல இருக்கு."

அவன் மேலே போய் வருவதற்குள் ரஜீவை உரித்துவிடுவார்கள்!

விஜயா ஒரு நொடி யோசித்தாள்.

"இராமையா அண்ணே... ஒங்க கத்தியக் குடுங்க."

இராமையா கத்தியை இறுக்கிப் பிடித்தான்.

"குடுக்க மாட்டேன்... நானே வெட்டுறேன்."

கத்தி உள்ளே வந்தது.

பெல்ட்டுக்கும் ரஜீவின் தொண்டைக்கும் நடுவே ஓர் எலுமிச்சம்பழ இடைவெளி. கத்தி நழுவினால் கழுத்து போகும்!

"அண்ணே... ஒங்களத்தான் நம்பியிருக்கேன்."

சரக்!

அறுந்து விழுந்தது... பெல்ட்!

ஷிராஸ் காயம் பார்க்க ரஜீவின் சட்டையைத் திறந்தான். குனிந்து மறுபடியும் பார்த்தான்.

"மிஸ்... பெல்ட் கிடந்த வலது தோள்ல ஒரு கீறல் இல்ல. இடது தோளப் பாருங்க!"

இடது தோளிலிருந்து வலது இடுப்பு வரை, சூடு போட்டது போல் ஒரு சிவப்புப் பட்டை!

விஜயாவுக்குப் புரிந்துவிட்டது. டிரைவருக்குப் பெல்ட் வலது தோளில் வரும். பக்கத்து சீட்டில் இருப்பவனுக்குத்தான் இடது தோளில். மோதும்போது ரஜீவ் பக்கத்து சீட்டில் இருந்திருக்கிறான். அப்புறம் யாரோ அவனை இங்கே இழுத்துப் போட்டு, பெல்ட்டையும் மாட்டியிருக்கிறார்கள்.

அப்படியானால் ஓட்டியவன் வலது தோளில்...

அவள் குரலில் தேன் ஒழுகியது.

"தொர, ஒரு ஒதவி. ஷிராஸுக்கு இடமில்ல... அந்தப் பைய ஒங்க தோள்ல கொஞ்சம் மாட்டிக்கிறீங்களா?"

ஷிராஸுக்கும் புரிந்துவிட்டது! இறங்கி, சுற்றிவந்து, பையை நிமலனின் வலது தோளில் 'பொத்'தென்று போட்டான்.

"ஐயோ... அம்மா!"

அந்த அலறல் எல்ல டவுன் வரைக்கும் போய், அங்கே சுற்றுலா வந்த வெள்ளைக்காரர்களின் தேநீரைச் சிந்த வைத்திருக்கும்!

"என்னா தொர இது? உள்ள பஞ்சும் துணியும்தானே இருக்கு! இராமையா அண்ணே, அந்த ஜிப்ப எறக்குங்க!"

"ஏய்! தொடாத! வேல போயிரும்!"

இராமையா இறக்கினான்.

வலது தோளிலிருந்து குறுக்கே இறங்கியது... கத்தரிக்காய் நிறத்தில் ஒரு பட்டை!

"அந்த அடையாளம் மலை சுத்தினா வராது. வண்டி ஓட்டினவருக்குத்தான் வரும்!" என்றாள் விஜயா. "அதான் இவர இழுக்கச் சொல்லித் தொர கத்துனாரு. இவரு கண்ணு முழிச்சா உண்மை வந்துருமே!"

விஜயாவின் கைகளுக்கு நடுவே ஏதோ முனகியது.

"அக்கா... நான் ஓட்டல... தொரதான்..."

"தெரியும் தம்பி. தலைய ஆட்டாமப் பேசுங்க."

இருநூறு தலைகள் ஒரே நேரத்தில் திரும்பின. நிமலன் பையை எறிந்துவிட்டுத் தேயிலைக்குள் பாய்ந்தார்!

"புடிங்கடா அவன!" கத்தியைக் கீழே வீசிவிட்டு இராமையா பின்னால் பாய்ந்தான். மலையே பின்னால் ஓடியது.

விஜயா ரஜீவின் தலையை இம்மியும் அசைக்காமல், ஜன்னல் வழியாகக் கத்தினாள்:

"இவரத் தூக்குற பலகை புடிக்க நாலு பேர் இங்க நில்லுங்க! மத்தவங்க தொரய மெதுவாப் புடிங்க... எங்கிட்ட கழுத்துக் காலர் இருந்தது ஒண்ணே ஒண்ணுதான்!"