நகரக் களஞ்சியத்தில் ஒரு மகன்

கதவைத் திறந்ததும் வெளியே நிற்பது யார் என்று சகாயராணிக்குத் தெரிந்துவிட்டது. இடது புருவத்தில் தழும்பு, அவளுடைய அப்பாவின் காது, ஒரு தோளைக் கொஞ்சம் தாழ்த்தி நிற்கிற அதே நிலை. நிலாச் சுரங்கத்தில் மூன்று வருட ஒப்பந்தம் முடிந்து, குலசை ஏவுதளத்தில் காலையில் வந்திறங்கிய அமலன். பிறந்த ஆஸ்பத்திரி ஞாபகம் இருந்தது. பாலில் ஆடை மிதந்தால் தொடமாட்டான் என்பதுகூட ஞாபகம் இருந்தது. மகன் என்று ஒப்புக்கொள்ளத்தான் மனசு மறுத்தது.

"யம்மா!" என்று அவன் இரண்டு கைகளையும் விரித்தான்.

"வாங்க தம்பி. உள்ள வந்து உக்காருங்க," என்றாள் சகாயராணி.

விரித்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் அப்படியே நின்றான். அவளுடைய கணவர் தொம்மை அதற்குள் காப்பியோடு வந்துவிட்டார். விருந்தாளிகளுக்கென்று அலமாரியில் வைத்திருக்கும் பீங்கான் கோப்பையில் காப்பி. அடுக்களையில் 'அமலன்' என்று பேர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர் கவிழ்ந்து கிடந்தது. அவன் மாதா கோயிலில் முதல் நன்மை வாங்கிய வருஷம் வாங்கியது அது.

"பிரயாணமெல்லாம் சௌரியமா இருந்துச்சா, தம்பி?" என்று விசாரித்தார் தொம்மை.

"யப்பா, என்ன நீங்க? யாரோ ஒருத்தன்கிட்ட பேசுத மாதிரி பேசுதீய!"

தொம்மை மனைவியைப் பார்த்தார். ஊரில் வேறு எந்த வீட்டில் இப்படி நடந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அந்த அடுக்ககத்தின் பொருளேற்றிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. என்ன கோளாறு என்று அவளுக்கு அந்த வாசலிலேயே புரிந்துவிட்டது.

தூத்துக்குடியில் இப்போது யாரும் எதையும் முன்கூட்டியே தலைக்குள் சுமப்பதில்லை. காதுக்குப் பின்னால் நெல்மணி அளவில் ஒரு பொருளேற்றி. ஒரு விஷயம் முதல்முதலாகத் தேவைப்படும்போது அது போய்க் கேட்டு வாங்கி வரும், அதன்பின் தலையிலேயே தங்கிவிடும். தேவைப்படாதவரை ஏறாது. அதனால்தான் மூன்று வருடங்களுக்கு முன்பு அடுக்ககம் முழுவதையும் புதுப்பித்த வாரத்தில் திடீரென்று மழை வந்தபோது, எல்லாரும் ஒரு கணம் வாயைப் பிளந்து வானத்தைப் பார்த்து நின்றார்கள். 'மழை' ஏறிய பிறகுதான் துணி எடுக்க ஓடினார்கள்.

கேட்பதற்கு ஒரு வரிசை உண்டு. பசி, வலி, பயம் இவையெல்லாம் ஆதிக் களஞ்சியத்தில் இருக்கின்றன, அதில் யாரும் கை வைக்க முடியாது. மற்றதையெல்லாம் முதலில் இல்லக் களஞ்சியத்தில் கேட்க வேண்டும். அங்கே இல்லையென்றால் மட்டும் நகரக் களஞ்சியம். வீட்டுக்கு வீடு ருசி வேறு என்பதால் வைத்த ஏற்பாடு இது. சகாயராணி வீட்டில் குழம்பு என்றால் மாங்காய் போட்ட சீலா மீன் குழம்பு, மேல் மாடியில் வத்தக்குழம்பு. வீட்டில் குழம்பே இல்லாதவருக்கு நகரத்தின் குழம்பு வரும், அதற்கு ஒரு ருசியும் கிடையாது.

இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுப்பார்கள், எல்லாரும் மண்டையை ஆட்டுவார்கள், பிறகு மறந்துபோவார்கள். ஏறுகிற ஒவ்வொரு பொருளிலும் அதை ஏற்றிய களஞ்சியத்தின் முத்திரை இருக்கும். எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தாலும், இரண்டு களஞ்சியங்கள் ஏற்றினால் அவை இரண்டு பொருள்கள். போலி முகம் வைத்துக்கொண்டு மகன், மருமகன் என்று வீடு புகுந்து சுருட்டியவர்கள் பெருகியதால், புதிய பொருளேற்றிகள் முகத்தைப் பார்ப்பதில்லை, முத்திரையைத்தான் பார்க்கின்றன.

அடுக்ககத்தைப் புதுப்பித்தபோது அமலன் நிலாவின் மறுபக்கத்தில் இருந்தான். அங்கே அலை எட்டாததால் அவனிடம் இருந்தது பழைய பொருளேற்றி, பழைய முத்திரை. போகட்டும், வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று சகாயராணி விட்டுவிட்டாள். அவர்கள் வீட்டின் பழைய களஞ்சியத்தை அழிக்கப் போனபோதெல்லாம் கருவி ஒரே பதிலைச் சொன்னது: 'பயன்பாட்டில் உள்ளது. இறக்க இயலாது.' இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறதே என்று அவள் அதைத் திட்டிக்கொண்டேயிருந்தாள். மூன்று வருடமாக அதை விடாமல் வைத்திருந்தது தன் மகன்தான் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

"ஒண்ணும் பயப்படாதீங்க தம்பி," என்றாள். நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி சொன்னாள். "பயப்படாத. ஒன்னையும் புதுப்பிச்சிட்டா சரியாயிரும். அஞ்சு நிமிச வேலை."

அமலன் கோப்பையைக் கீழே வைத்தான். "புதுப்பிச்சா பழசு வழியா ஏறினதெல்லாம் போயிரும்லா?"

"வீட்டுது திரும்ப ஏறிரும்."

"நிலாவுல ஏறினது?"

அதற்குத் திரும்ப ஏற வழியில்லை. அவன் மெதுவாகச் சொன்னான். காயல்பட்டினத்துக்காரன் செய்யது என்று ஒருவன் கூட இருந்தான். அனாதை இல்லத்தில் வளர்ந்தவன். சுரங்கத்தில் கூரை இறங்கியபோது இவன் மடியில்தான் செத்தான். கடைசி மூச்சிலும் ஏதோ கேலி பேசினான், அதைக் கேட்டு இவனும் சிரித்துவிட்டான்.

"அவன நெனச்சுப் பாக்கதுக்கு ஒலகத்துல நான் ஒருத்தன்தாம்மா இருக்கேன். என்னையும் அழிச்சிட்டா அவன் பொறக்கவே இல்லன்னு ஆயிரும். நான் மாட்டேன்."

அன்று பகல் முழுக்க மூன்று பேரும் ஒரே வீட்டில் மரியாதையாக நடந்துகொண்டார்கள். அதைவிடக் கொடுமை வேறில்லை. சாப்பிடும்போது தொம்மை, "கூச்சப்படாம கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க," என்றார். அமலன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். இவன் என் மகன் என்று சகாயராணி மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரின் பெயரை மனப்பாடம் செய்வதுபோல் இருந்தது.

சாயங்காலம்தான் வழி தட்டுப்பட்டது. பழைய களஞ்சியம் ஒன்று, புதியது ஒன்று. இரண்டிலும் 'மகன்' தனித்தனியாகக் கிடப்பதால்தானே தகராறு? இரண்டிலிருந்தும் எடுத்துவிட்டு, ஒன்றே ஒன்றை மேலே நகரக் களஞ்சியத்தில் வைத்தால், இவளும் அங்கே போய்க் கேட்பாள், அவனும் அங்கே போய்க் கேட்பான். ஒரே பொருள், ஒரே முத்திரை. உறவுகளை நகரக் களஞ்சியத்தில் வைக்கக்கூடாது என்று விதி இருந்தது. விதி எழுதியவர்கள் வீட்டு வாசலில் அமலன் வந்து நிற்கவில்லை.

பழுது பார்க்கிறவள் என்பதால் நகரக் களஞ்சியத்தின் சாவி அவளிடம் இருந்தது. ஏற்றினாள். திரும்பி அவனைப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை, அதே தம்பிதான் உட்கார்ந்திருந்தார்.

பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். மேலே வைத்தவள் கீழே இருந்ததை எடுக்கவில்லை. வீட்டில் ஒன்று கிடக்கும்போது பொருளேற்றி எதற்கு ஊருக்குப் போய்க் கேட்கும்? புதிதாகச் சேருகிறவர்கள் இதே தப்பைச் செய்தால் அவள் போடுகிற சத்தம் மூன்றாம் மாடிவரை கேட்கும்.

"ஏங்க, இப்போ வீட்டுல உள்ளத எடுக்கப் போறேன், வச்சிருக்க நாம மூணு பேரும் விட்டாத்தான் வரும். நம்ம ரெண்டு பேருக்கும் ஒரு நிமிசம் ஒரு மாதிரியா இருக்கும். பயந்துராதீய," என்று தொம்மையை எச்சரித்தாள்.

எடுத்தாள். அந்தக் கணத்தில் அந்த வீட்டில் மகன் என்று எதுவுமே இல்லை. துக்கம்கூட இல்லை, துக்கப்படுவதற்கு ஒரு ஆள் வேண்டுமே. சகாயராணி அதுவரை பட்ட எந்தப் பயமும் இதற்கு ஈடில்லை. பொருளேற்றி வீட்டில் தேடி, இல்லாமல், மேலே போய்க் கேட்டது. திரும்பி வந்தது.

"ஏல அமலா!" என்று கத்தினாள். "இப்படி எலும்பும் தோலுமா வந்து நிக்கியே, மக்கா! ஒனக்கு அங்க சோறு போட்டானுவளா இல்லையா?"

தொம்மை பீங்கான் கோப்பையை எடுத்துக்கொண்டு போய் அடுக்களைத் தொட்டியில் போட்டார், போட்ட வேகத்தில் அது உடைந்தது. பேர் வெட்டிய டம்ளரைக் கழுவிக் காப்பி ஊற்றிக் கொண்டுவந்தார். அவசரத்தில் பாதி சட்டையில் சிந்தியது. மூன்று பேரும் அழுதார்கள், யார் யாரைத் தேற்றுவது என்று தெரியவில்லை.

மறுநாள் காவலாளி பிச்சைக்கண்ணு வாசலில் அமலனைக் கண்டதும் எழுந்து வந்து தலையைத் தடவினார். "எப்பல வந்தே? அய்யாகிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிச்சைக்கண்ணு கல்யாணமே செய்துகொள்ளாதவர். நல்ல மனுஷர், பாசமாகப் பேசுகிறார் என்று சகாயராணி நினைத்தாள். மீன் வாங்கப் போன இடத்தில் வியாபாரி அமலனிடம் காசு வாங்க மறுத்தார். பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஒரு அம்மாள், "வெயில்ல அலையாத ராசா," என்று தன் குடையை அவன் கையில் திணித்தாள். அப்போதும் சகாயராணிக்கு உறைக்கவில்லை.

எதிர்வீட்டு பிலோமினா வந்து கதவைத் தட்டிய அன்றுதான் உறைத்தது.

பிலோமினாவின் மகன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். அவன் போன பிறகு, வலி தாங்காமல், "எடுத்துரு தாயி, எனக்கு மவன்னு ஒண்ணு வேண்டாம்," என்று அவளே வந்து கெஞ்ச, அவள் வீட்டுக் களஞ்சியத்திலிருந்து 'மகன்' என்பதைச் சகாயராணிதான் தன் கையால் எடுத்தாள். அதற்குப்பின் தெருவில் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் பிலோமினாவின் பொருளேற்றி வீட்டில் கேட்கும், நகரத்தில் கேட்கும், கிடைக்கவில்லை என்று வெறுங்கையோடு திரும்பும். அவள் முகத்தில் ஒரு சின்ன இடறல் மட்டும் தெரியும்.

இன்று அந்த இடறல் இல்லை. கையில் தூக்குவாளி. அதன் மேல் புத்தம்புது எவர்சில்வர் டம்ளர் ஒன்று கவிழ்ந்திருந்தது. அதில் 'அமலன்' என்று வெட்டியிருந்தது.

"எம் மவன் எங்கட்டி? பால் கொண்டாந்திருக்கேன். ஆடைய எடுத்துட்டேன்."

சகாயராணி நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டாள். மகன் உள்ள வீடுகளுக்கு ஒரு மாற்றமும் இல்லை, அவரவர் வீட்டிலேயே கேட்டு வாங்கிக்கொள்வார்கள். இல்லாதவர்கள்தான் மேலே போய்க் கேட்பார்கள். பெறாதவர்கள், இழந்தவர்கள், விரட்டிவிட்டு மறக்க நினைத்தவர்கள். இத்தனை காலம் அவர்களுக்கு வெறுங்கை. இப்போது ஊரில் அப்படிக் கேட்ட அத்தனை பேர் கையிலும் அமலன், அவன் ஆடைப் பால் குடிக்கமாட்டான் என்பது உட்பட.

அவளுக்கு வந்தது இரக்கமல்ல, கோபம்தான். நான் பெற்றேன், நான் சுமந்தேன், இவள் யார் ஆடை எடுக்க? விறுவிறுவென்று உள்ளே போய்க் கருவியைத் திறந்து, நகரக் களஞ்சியத்திலிருந்து அதை நீக்கச் சொன்னாள்.

'பயன்பாட்டில் உள்ளது. இறக்க இயலாது.'

மறுபடி அழுத்தினாள். மறுபடி அதே பதில். வைத்திருக்கிற கடைசி ஆளும் விட்டால்தான் இறங்கும், தொழிலின் அடிப்படை அது. ஊரில் யார் விடுவார்கள் என்று ஆத்திரத்தோடு யோசித்தவள், அப்படியே நின்றாள். தன் வீட்டுக் களஞ்சியத்தில் இருந்ததைத் தானே எடுத்துவிட்டாள். அவளும் மேலே கேட்டு வாங்கி வைத்திருப்பவள்தான். விடுவதென்றால் அவளும் விட வேண்டும்.

கூடத்தில் அமலன் பிலோமினாவின் டம்ளரில் பால் குடித்துக்கொண்டிருந்தான். அவள் போனபின் சகாயராணி அவனிடம் பாய்ந்தாள்.

"யாரு வந்து மவனேன்னாலும் குடிச்சிருவியா நீ?"

"அவிய பாக்குத பார்வ பொய்யில்லம்மா," என்றான் அமலன். "அன்னைக்கு வாசல்ல நீ ஒரு பார்வ பாத்தியே, அதுக்கு இது எவ்வளவோ தேவல. செய்யதுக்கு இப்படி ஒரு ஆள் இருந்திருந்தா, அவன் நிலாவுக்கே வந்திருக்க மாட்டான்."

அவள் பிலோமினாவின் டம்ளரை எடுத்துக் கழுவப் போனாள்.

சண்டை வராமல் இருக்க, அமலனைக் கூப்பிட முறை வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னவர் பிச்சைக்கண்ணு. அடுக்ககத்துக்கு ஒரு நாள், துறைமுகத் தெருவுக்கு ஒரு நாள், மீன் சந்தைக்காரர்களுக்கு ஒரு நாள். பஸ் நிறுத்தத்து அம்மாள் யாரென்று தேடிப்பிடித்து அவளையும் சேர்த்தார்கள். பெற்றவளுக்கு மட்டும் ஒரு நாளைத் தனியாக விட்டுவிட வேண்டும் என்று பிலோமினாதான் எல்லாரிடமும் வாதாடினாள். பாத்திரக்கடைக்காரர் டம்ளர்களில் அமலன் பெயரை முன்கூட்டியே வெட்டி அடுக்கிவைக்கத் தொடங்கினார்.

சகாயராணி சீலாவுக்கு மாங்காய் அரிந்தாள். பாலைக் காய்ச்சி ஆறவைத்து, ஆடையை வழித்தெடுத்தாள். பழைய டம்ளரைத் துலக்கி, பேர் தெரிகிற பக்கமாகத் திருப்பி வைத்தாள். பிறகு கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்தாள். அன்று வியாழக்கிழமை, அவளுடைய முறை.