ஓர் எண்ணில் இருவர்

விடுப்பு முடிந்து நம்பரக்கா ஆஸ்பத்திரிக்குத் திரும்பிய காலையில் மழை பிடித்துக்கொண்டது. வாசலில் குடையை உதறி மடக்கினாள். காவலாளி எழுந்து நின்று, என்ன சொல்வதென்று தெரியாமல், "நல்ல மழைக்கா" என்றார். தங்கச்சியைப் பறிகொடுத்தவளிடம் வேறு என்னத்தைச் சொல்வார், பாவம்.

நம்பரக்கா என்று பெயர் வைத்தது பதிவு கவுண்டர் பெண். காரணமில்லாமல் இல்லை. அந்த ஆஸ்பத்திரிக்குள் வரும் ஒவ்வொருவருக்கும் கணினி ஓர் எண் கொடுக்கும். மருந்து, ரத்தப் பரிசோதனை, படுக்கை எல்லாமே அந்த எண்ணின் பேரில்தான். எண்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பெற்றுப்போடும் அந்தச் சங்கதிக்கு சீக்வென்ஸ் என்று பெயர். அதைத் தொட்டு மாற்றும் உரிமை, தரைக்குக் கீழே சர்வர் அறையை ஒட்டி உட்கார்ந்திருக்கும் இவளுக்கு மட்டும்தான்.

சீக்வென்ஸ் முன்னால் மட்டுமே நடக்கும். பதிவு பாதியில் நின்றுபோனால் கொடுத்த எண் போனது போனதுதான். சர்வர் திடீரென்று அணைந்தால் கையில் வைத்திருந்த சில எண்களையும் தொலைத்துவிடும். ஆகவே வரிசையில் அங்கங்கே ஓட்டை விழும். விழுந்துவிட்டுப் போகட்டும். தொழில் தெரிந்த யாரும் அதற்காகப் பதற மாட்டார்கள்.

படியிறங்கிப் போய் உட்கார்ந்தாள். அறை எப்போதும்போல இருட்டும் குளிருமாக இருந்தது. இயந்திரங்களின் இரைச்சல் காதுக்கு இதமாகக்கூட இருந்தது. வீட்டில் இருந்தால் அழுகைதான் வருகிறது.

அவள் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தபோதுதான் அது நடந்தது. தங்கச்சிக்கு வயிற்றுவலி. இந்த ஆஸ்பத்திரியின் மேனேஜரே இவள் புருஷன்தான். அவர்தான் காரில் கூட்டிவந்தார். "வாசலைக்கூட மிதிக்கலம்மா. வழியிலேயே போயிட்டா. என் தோள்ல சாஞ்சிருந்தா. வலியே தெரியல" என்று அன்றைக்குச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இவள் இத்தனை நாளும் உயிரோடு இருந்தாள். தனியாகச் சாகவில்லை, மாமாவின் தோளில்தான் போனாள் என்று.

தொலைபேசி அடித்தது. கவுண்டர் பெண்.

"வந்துட்டீங்களாக்கா? தெய்வமே! காலையிலருந்து ஒருத்தரையும் பதிய முடியல. யாருக்குப் போட்டாலும் ஒரே நம்பர் வருது. அப்புறம் 'இந்த எண் ஏற்கெனவே உள்ளது'ன்னு அதுவே சண்டைக்கு வருது."

"என்ன நம்பர்?"

"40417."

இன்றைய எண் நாற்பத்து மூவாயிரத்தைத் தாண்டியிருக்க வேண்டும். யாரோ சீக்வென்ஸைப் பின்னுக்கு இழுத்துவிட்டிருக்கிறார்கள். ஒரே வரிக் கட்டளையில் சரியாகிவிடும் வேலைதான். புதிய தொடக்க எண்ணைக் கொடுத்து, தட்டி, சரிபார்த்தாள்.

"இப்ப போடு."

"அதேதான்க்கா வருது. 40417."

மறுபடி மாற்றினாள். திரையில் புதிய எண் அழகாக நின்றது. கவுண்டரில் பழையது வந்தது. சர்வரை அணைத்து ஏற்றினாள். மற்ற எல்லோரின் உரிமைகளையும் பறித்துவிட்டு இன்னொரு முறை மாற்றினாள்.

40417.

தைல வாசனை வந்தது.

அறையில் வேறு யாரும் இல்லை. காற்று வரும் வழியும் இல்லை. தங்கச்சிக்குத் தலைவலி என்றால் நெற்றி நிறைய அப்பிக்கொள்வாளே, அந்தத் தைலம்.

நம்பரக்கா எழுந்து மேலே ஓடினாள். கவுண்டருக்கு முன்னால் கூட்டம் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"நான் இல்லாதப்ப யாராச்சும் இதுல கை வெச்சாங்களா?" என்று கேட்டாள்.

கவுண்டர் பெண் விழித்தாள். "நீங்கதானக்கா வெச்சீங்க? அன்னைக்கு இதே 40417 வீணாப் போச்சு. நீங்க ஊர்லருந்தே ஒரு நம்பர் பின்னால தள்ளி சரி பண்ணிட்டதா மேனேஜர் சார் சொன்னாரே."

"எந்த அன்னைக்கு?"

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "உங்க தங்கச்சி தவறுன அன்னைக்குக்கா. அவ்வளவு துக்கத்துலயும் வேலையை விடலையேன்னு நாங்ககூடப் பேசிக்கிட்டோம்."

கடவுச்சொல் தெரிந்த இன்னொரு ஆள் உலகத்தில் ஒருவர்தான். கட்டிக்கொண்ட புருஷனிடம் என்ன ஒளிவுமறைவு என்று அவளே சொல்லிக் கொடுத்தது. இந்தக் கட்டளையையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீ குடித்துக்கொண்டே, விளையாட்டாகக் கற்றுக் கொடுத்தது அவள்தான்.

இருந்தாலும் மனசு ஒப்பவில்லை. 40417 யாரென்று பார்த்தாள். இடுப்பெலும்பு முறிந்த ஒரு பெரியவர். இரண்டாவது மாடியில் இருந்தார்.

போய்ப் பார்த்தாள். பெரியவர் அகலமான கட்டிலின் ஓரத்தில், விழுந்துவிடுவார்போல ஒடுங்கிப் படுத்திருந்தார். பாதிப் படுக்கை காலி.

"நல்லா நடுவுல படுங்கய்யா."

"எங்கம்மா படுக்குறது?" பெரியவர் சலித்துக்கொண்டார். "வந்த நாள்லருந்து இந்தப் பொண்ணும் கூடத்தான் படுத்திருக்கு. இடம் பத்தலன்னு நகர்ந்து நகர்ந்து வருது. நர்ஸுகிட்ட சொன்னா, தாத்தாவுக்குக் கிறுக்குங்குறா."

காலிப் பாதியில் விரிப்பு லேசாகக் குழிந்திருந்தது.

தைலம் மணத்தது.

"பேசுமா?" என்று கேட்டபோது அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"பேசாம? என்னைப் பிடிச்சுக்கிட்டு மாமா மாமாங்குது. நான் யாருக்கும்மா மாமா? 'அந்த ஊசி எனக்கு ஆகாது, உங்களுக்குத்தான் தெரியுமே, சொல்லுங்க மாமா'ங்குது. அப்புறம், 'போகாதீங்க மாமா, அக்காவுக்கு ஒரு போன் போடுங்க'ங்குது. திரும்பத் திரும்ப அதேதான்."

விரிப்பில் இருந்த குழி அவள் பக்கமாக மெல்லப் புரண்டது.

நம்பரக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேனேஜர் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தாள். "கீழ வாங்க" என்றாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அவர் எழுந்து பின்னால் வந்தார். சர்வர் அறையில் திரையைக் காட்டினாள். 40417 அங்கே நின்றது.

"வழியிலேயே போயிட்டான்னு சொன்னீங்க."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்துத் தரையைப் பார்த்தார்.

"ஏங்க, உங்களைத்தான். அவளுக்கு அந்த ஊசி ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"மீட்டிங்ல இருந்தேன்." அவர் குரல் உடைந்தது. "டாக்டர் போன்ல கேட்டார். ஏதோ நினைப்புல போடுங்கன்னு சொல்லிட்டேன். ஓடிப் போய்ப் பார்த்தப்ப மூச்சு இழுத்துக்கிட்டிருந்துச்சு. என்னால பார்க்க முடியலம்மா. வெளிய வந்துட்டேன்."

"எனக்கு ஏன் போன் போடல?"

"பயம். ஆஸ்பத்திரி பேர் போயிடும், வேலை போயிடும்னு. மறுநாள் ஆய்வுக்கு வேற வர்றதா இருந்தாங்க. அவ பதிவை அழிச்சேன். அவளுக்கப்புறம் யாரும் பதியல, அப்படியே விட்டா நடுவுல ஒரு நம்பர் இல்லாம போயிடும். எங்கேன்னு கேட்டா என்ன சொல்றது? அதான் ஒண்ணு பின்னால தள்ளி, அடுத்து வந்தவருக்கு அதையே கொடுக்க வெச்சேன்."

நம்பரக்கா சிரித்தாள். அழுகையைவிட மோசமாக இருந்தது அந்தச் சிரிப்பு.

"ஓட்டை ஆயிரம் இருக்குங்க அந்த வரிசையில. ஒருத்தன் கேட்க மாட்டான். அப்படியே விட்டிருந்தா எனக்கு ஆயுசுக்கும் தெரிஞ்சிருக்காது. அவ செத்தும் அவளுக்குன்னு இருந்த ஒரு நம்பரைக்கூட விட்டுவைக்காம பிடுங்கிக் கொடுத்துட்டீங்களே. பாவி!"

அவள் உட்கார்ந்தாள். பெரியவருக்குப் புதிய எண் ஒன்றைக் கையால் கொடுத்து, அவர் மருந்து, படுக்கை எல்லாவற்றையும் அதற்கு மாற்றினாள். பிறகு 40417-ஐத் திறந்து, தங்கச்சியின் பெயரை எழுத்தெழுத்தாக அடித்தாள். இறந்த இடம்: இந்த ஆஸ்பத்திரி. காரணம்: ஆகாத ஊசி. கண்ணீரில் திரை மங்கியது. சேமித்தாள்.

தைல வாசனை விலகிப்போனது.

மேலே வார்டிலிருந்து நர்ஸ் போனில் பேசினாள். பெரியவர் கால் நீட்டிக் குறட்டை விடுகிறாராம்.

"ஒரே ஒரு தடவைதான்ம்மா" என்று புருஷன் அவள் காலடியில் உட்கார்ந்து தேம்பினார். "சத்தியமா. வாழ்க்கையில இந்த ஒரே ஒரு தப்பு. நம்ம வீட்டுப் பொண்ணுங்கறதால புத்தி பேதலிச்சுப் போச்சு."

பதினொரு வருஷம் கூட வாழ்ந்த மனுஷர். குலுங்கும் அந்தத் தோளைப் பார்க்கப் பார்க்க, வெறுப்புக்கு நடுவிலும் அவளுக்குப் பாவமாக இருந்தது. தங்கச்சி சாய்ந்திருந்ததாகச் சொன்ன தோள். கையை நீட்டப் போனாள்.

தொலைபேசி அடித்தது.

"அக்கா." கவுண்டர் பெண் கிசுகிசுத்தாள். "இப்ப வேற ஏதோ நம்பர் வருது. அதுவும் பழசு. 38209."

நீட்டிய கை அப்படியே நின்றது. "யாருங்க அது?" என்று அவரைக் கேட்டாள்.



"மறுபடி மாறுதுக்கா. 36650. இன்னொண்ணு, 31974. தானா பின்னால போய்க்கிட்டே இருக்கு."

ஒவ்வோர் எண்ணையும் சொல்லச் சொல்ல, தலையில் குட்டு விழுந்ததுபோல அவர் குனிந்துகொண்டே போனார்.

"அக்கா, லைட்டெல்லாம் மங்கிடுச்சு, கரண்ட் போயிடுச்சுன்னு நினைச்சு ஜனம் எல்லாம் வாசலுக்குப் போயிட்டாங்க. ஹால்ல யாருமே இல்ல." அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. "ஆனா கவுண்டர் கண்ணாடியில, வெளிப்பக்கம், ஆவி படியுதுக்கா. யாரோ கிட்ட வந்து மூச்சு விடுற மாதிரி. ஒண்ணு இல்ல. வரிசையா."

"பயப்படாதே. நான் வர்றேன்."

"கடைசியா ஒண்ணு ரொம்பக் கீழ படியுதுக்கா. சின்னப் புள்ள உயரத்துக்கு."

நம்பரக்கா அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இருக்கவில்லை. அவர் அதற்குள், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் காற்றைப் பார்த்து, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டிருந்தார்.