குடை ஒன்று போதும்

பிற்பகல் மூன்று மணிக்குப் பேருந்து அவர்களைக் கடலோரத்தில் இறக்கிவிட்டுப் போனது. இரண்டு பெட்டி, சமையல் சாமான் ஒரு மூட்டை, ஒரு கைத்தையல் மெஷின். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கண்ணாடிக்காரர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டார். அவர் மனைவி தையல்காரி, மெஷினைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

பழைய வீடு. உப்புக்காற்று அரித்து, சுவரின் சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்திருந்தது. கதவைத் திறந்ததும் பூட்டிக்கிடந்த வீட்டின் வாடை வந்தது. அதற்குள்ளே இன்னொரு வாடை, நனைந்த துணியைப் பிழியாமல் மூலையில் போட்டுவைத்தது போல.

வாடகை வாங்க வந்த வீட்டுக்காரம்மா, இரண்டு பேர்தானே என்று கேட்டாள். ஆமாம் என்றாள் தையல்காரி. வீட்டுக்காரம்மா அவர்களுக்குப் பின்னால் இருந்த படியை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்துவிட்டாள்.

பயப்படாமல் கேளுங்கள் கண்ணுகளா, இந்தக் கதையில் நடுராத்திரி கிடையாது. எல்லாம் பட்டப்பகலில் நடந்தது. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

தையல்காரி அவருக்கு இரண்டாம் தாரம். மூத்தவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கணக்கு எழுதியவள். கடலோரத்தில் ஒரு மாதம் புருஷனோடு அவசரமில்லாமல் இருந்துவிட்டு வரவேண்டும் என்று ஆசைப்பட்டு, ஆறு வருஷத்துக்கு வங்கியில் பணம் போட்டு, அந்த ஒரு மாதத்துக்கும் ஒரு நோட்டில் பட்ஜெட்டும் போட்டு வைத்திருந்தாள். பணம் கைக்கு வருமுன்பே மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். இப்போது வங்கியிலிருந்து பணம் வந்ததும், கண்ணாடிக்காரர் அந்த நோட்டைத் தையல்காரியின் கையில் கொடுத்து, எல்லாம் இதில் இருக்கிறது, நீ புதிதாக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அது அவளுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

உருண்டை உருண்டையான எழுத்து. மழைக்காலத்தில் ஒரு மாத வாடகை, சீசனில் பன்னிரண்டு நாள் வாடகைக்குச் சமம், ஆகவே மழைக்காலம். சமையல் வீட்டிலேயே. வாரத்துக்கு ஓர் உறை, உறையில் உள்ளதற்கு மேல் செலவில்லை. 'சும்மா' என்று ஓர் இனம், வாரம் இருநூறு. அதற்கு விளக்கம் எதுவும் இல்லை. அதன் கீழே:

குடை — 1. இருவருக்கும் ஒன்று போதும்.

ஒவ்வொரு வாரத்தின் முடிவிலும் 'எதைக் குறைக்கலாம்?' என்று ஒரு வரி. அதன் எதிரே, அங்கே போய் எழுதிக்கொள்வதற்காக வெற்றிடம்.

சுவரில் தொங்கும் போட்டோவோடு தையல்காரியால் போட்டி போட முடியாது. போட்டோவுக்கு முடி நரைக்காது, முட்டி வலிக்காது. ஆனால் பட்ஜெட்டோடு போட முடியுமே. புது நோட்டு வாங்கி எல்லாவற்றையும் காப்பி பண்ணினாள், ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் குறைத்து. குடையை அடித்தாள். 'சும்மா'வை இரண்டு கோடு போட்டு அடித்தாள். மூத்தவளைவிடக் குறைந்த செலவில் இந்த மாதத்தை நடத்திக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். செத்தவளை ஜெயித்து யாரிடம் சொல்லிக்கொள்வது என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. அவள் உள்ளூரக் கேட்டது ஒன்றுதான்: அவர் பக்கத்தில் தனக்கென்று ஓர் இடம். வாராவாரம் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, பழைய நோட்டையும் மெஷின் பெட்டியின் அடியில் போட்டு எடுத்து வந்திருந்தாள்.

வந்த மறுநாளே வீட்டுக்காரம்மாவிடம் பேரம் பேசினாள். அந்த அம்மா குடியிருக்கும் வீட்டின் பதினோரு ஜன்னலுக்கும் திரைச்சீலை தைத்துக் கொடுத்தால் வாடகையில் கால்வாசி கழிவு. அன்று மத்தியானமே மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

நாலு மணிக்குக் கண்ணாடிக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "நடந்துட்டு வரலாம் வா."

"நீங்க போயிட்டு வாங்க. பதினோரு ஜன்னல் இருக்கு."

மறுநாளும் கூப்பிட்டார். அதற்கு மறுநாளும். பிறகு கூப்பிடவில்லை.

முதல் வாரம் முடிந்தபோது உறையில் நல்ல மிச்சம். அந்தச் சந்தோஷத்தில் பழைய நோட்டை எடுத்து விரித்தாள். வெற்றிடமாக இருந்த இடத்தில் அதே உருண்டை எழுத்து.

எதைக் குறைக்கலாம்? — சோப்பு. பாதி போதும்.

முன்பு கவனிக்காமல் விட்டிருப்போம் என்று நினைத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். காலையில் பிரித்த புதுச் சோப்பு பாதிதான் இருந்தது. கத்தியால் நறுக்கினாற்போல நேர்கோடு. மறுபாதி வீடு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. எலியாக இருக்கும் என்றார் கண்ணாடிக்காரர். அடிமட்டம் வைத்து நறுக்குகிற எலியா என்று அவள் கேட்டாள். அவர் சிரித்தார். அந்த வீட்டில் அவர் அவளோடு சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

இரண்டாம் வாரம் விடாத மழை. திரைச்சீலைத் துணி ஈரம் கோத்து ஊசியில் ஓடாமல் அடம்பிடித்தது. வார முடிவில் நோட்டை விரிக்கும்போது அவள் விரல் கொஞ்சம் தயங்கியது.

எதைக் குறைக்கலாம்? — கோப்பை. இரண்டு போதும்.

வீட்டில் மூன்று கோப்பைகள் இருந்தன. சமையலறைக்குப் போய்ப் பார்த்தாள்.

இரண்டு கோப்பைகள் கழுவி, அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

மூன்றாவது, அவள் தினமும் குடிக்கிற கோப்பை, தொட்டியில் கிடந்தது. பொடியாக.

நனைந்த துணியின் வாடை அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. அவள் திரும்பவில்லை. சற்று நேரத்தில் அது வாசல் பக்கமாகப் போயிற்று. சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு.

மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், தைத்து முடித்த திரைச்சீலைகளை வாங்கிப்போக வீட்டுக்காரம்மா வந்தாள். மெஷின் முன்னால் இருந்த தையல்காரியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அதுக்குள்ள வந்துட்டியாம்மா? இப்பத்தான் அந்தக் கடற்கரை ரோட்டு வளைவுல உங்க ரெண்டு பேரையும் பார்த்தேன். ஒரே குடையில."

"எந்தக் குடை?"

"மஞ்சக் குடைதான். தினமும் பார்க்கிறேனே. கண்ணு படப்போகுது, சுத்திப் போட்டுக்க."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரம்மாவின் பார்வை தையல்காரியின் காய்ந்த தலையிலிருந்து காய்ந்த பாதம்வரை மெதுவாக இறங்கியது. அப்புறம் அவள் திரைச்சீலைகளை எண்ணிக்கூடப் பார்க்காமல் வாரிக்கொண்டு போனாள்.

அன்று அவர் திரும்பி வந்தபோது தலை காய்ந்திருந்தது. வலது தோள் காய்ந்திருந்தது. இடது தோள் மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, வலப்பக்கம் யாருக்கோ குடை பிடித்துக்கொண்டு வந்தவரைப் போல.

வீட்டுக்காரம்மாவுக்குக் கண் சரியில்லை போலிருக்கிறது என்று சாடையாகப் பேச்சை எடுத்தாள். முந்தாநாள்தான் சோதித்துப் பார்த்தேன், அந்த அம்மாவுக்குக் கழுகுக் கண் என்றார் அவர்.

அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. "யாரோட நடக்குறீங்க?"

அவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, படிந்திருந்த உப்பைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார். "என்ன கேள்வி இது? உன்னோடதான்."

"நான் வீட்டை விட்டு வெளியவே வரலையே."

"தினமும் வளைவுல வந்து சேர்ந்துக்கிறியே மா. நல்லா பேசுற, சிரிக்கிற. இந்த மாசம்தான் நீ என்னோட மனசு விட்டுப் பேசுற. வீட்டுக்குள்ள வந்தா மட்டும் ஏன் உர்ருன்னு இருக்க?"

"குடை ஏது?"

"நீ வாங்கினதுதான். பட்ஜெட்ல இருக்குன்னு நீதானே சொன்னே."

அவள் வீட்டின் ஒவ்வொரு மூலையையும் துழாவினாள். குடை இல்லை. வாசல் மூலையில் மட்டும் கைக்குட்டை அளவுக்கு ஒரு வட்டமான ஈரம். துடைத்தாள். திரும்பிப் பார்த்தபோது மறுபடி இருந்தது.

அந்த வாரத்து வரியில் இப்படி எழுதியிருந்தது: வீட்டில் பேச்சு. வெளியில் போதும்.

அன்றிலிருந்து அவர் வீட்டுக்குள் வாய் திறக்கவில்லை. கோபமெல்லாம் இல்லை. சாப்பிட்டார், கை கழுவினார், நாலு மணி எப்போது ஆகும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதுமாப்பிள்ளை மாதிரி தலையைப் படிய வாரிக்கொண்டு கிளம்பினார். ஜன்னல் வழியாக அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள் தையல்காரி. பயம் இருந்தது, இல்லாமல் என்ன. ஆனால் பயத்தைவிட எரிச்சல் பெரிதாக இருந்தது. என் பெயரில், என் முகத்தில், எனக்கான பேச்சை அவள் கேட்டுக்கொண்டு போகிறாளே என்று.

கடைசி வாரம் அவள் மெஷினை மூடி வைத்தாள். தைக்காத ஜன்னல் இரண்டு பாக்கி. இருக்கட்டும் என்று உறையில் கையை விட்டு, பட்ஜெட்டை மீறி, கடைத்தெருவில் இருந்ததிலேயே பெரிய குடையாக ஒன்று வாங்கினாள். கறுப்புக் குடை. மூன்றே முக்காலுக்கே போய் வளைவில் நின்றுகொண்டாள்.

அவர் வந்தார். அவளைப் பார்த்து முகம் மலர்ந்தார். குடையை அவளிடமிருந்து வாங்கி விரித்தார். அவர் இடப்பக்கம் அவள் ஒட்டிக்கொண்டு நடந்தாள். கடல் இரைந்துகொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் மழை பிடித்தது.

அவள் நனைந்தாள்.

அவ்வளவு பெரிய குடை, அவள் தலைக்கு மேல் இல்லை. அது வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

"இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ங்க" என்றாள்.

"நீ நனைஞ்சிடுவியேன்னுதான் சாய்ச்சுப் பிடிக்கிறேன்" என்றார் அவர், அவ்வளவு கனிவாக.

வலப்பக்கம் திரும்பிச் சொன்னார்.

அவள் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. ஆனால் குடைக்கு அடியில், மணலில், மழைத்துளி விழாத இடத்தில், புதுக் காலடிகள் ஒவ்வொன்றாகப் பதிந்துகொண்டே வந்தன.

ஊருக்குக் கிளம்புகிற காலை, கண்ணாடிக்காரர் சாவியைக் கொடுக்கப் போயிருந்தபோது, அவள் கடைசியாக ஒரு தடவை பழைய நோட்டை விரித்தாள். நான்காம் வாரத்துக்கு எதிரே ஒரே ஒரு சொல். மை இன்னும் காயவில்லை.

ஆள்.

நோட்டையும் கறுப்புக் குடையையும் கொண்டுபோய்க் கடலில் எறிந்தாள். அலை இரண்டையும் உள்ளே இழுத்துக்கொண்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் திரும்பினாள்.

போகும்போதே எடுத்துவைத்த திரும்பும் டிக்கெட் இரண்டு, பக்கத்துப் பக்கத்து இருக்கை. மூத்தவள் பட்ஜெட்டில் இருந்தபடியே எடுத்தது. அதில் மட்டும் குறைக்க வழியில்லாமல் போயிற்று. ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடிக்காரர் ஜன்னலோரம் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். கடலை விட்டுப் பேருந்து உள்நாட்டுக்குள் திரும்பியதும் மழை விட்டு வெயில் அடித்தது. தையல்காரி ஒரு மாதத்துக்குப் பிறகு மூச்சை நன்றாக இழுத்து விட்டாள். வழியில் ஓரிடத்தில் நிறுத்தினார்கள். தண்ணீர் வாங்க அவள் இறங்கினாள். இரண்டு நிமிஷம்கூட இருக்காது.

திரும்பி ஏறும்போது நடத்துநர் கையை நீட்டி மறித்தார். டிக்கெட் கேட்டார். என் வீட்டுக்காரரிடம் இருக்கிறது என்று அவள் முன் இருக்கையைக் காட்டினாள்.

"அவங்க ரெண்டு பேர் டிக்கெட்டையும் பார்த்துட்டேன்மா. நீங்க யாரு?"

"அவர் பக்கத்து சீட் என்னோடது. காலியாத்தானே இருக்கு."

நடத்துநர் அந்த இருக்கையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார், பாவமாக.

"உட்கார்ந்திருக்காங்களே."

அவரைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே போனாள். இருக்கை காலியாகத்தான் இருந்தது. கண்ணாடிக்காரர் ஜன்னலிலிருந்து நகர்ந்து, தலையை இந்தப் பக்கம், ஒன்றுமே இல்லாத இடத்தில் சாய்த்து, விழாமல் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்ப வேண்டும் என்று குனிந்து, இருக்கையில் கையை ஊன்றினாள்.

கை இருக்கைவரை போகவில்லை.

மடியில் பட்டது. நனைந்த துணி மூடிய, சில்லென்ற மடி.

வண்டி கிளம்பிவிட்டது. அவருக்குக் கேட்கும்படி கூப்பிட வாயைத் திறந்தாள். தொண்டையிலிருந்து காற்றுகூட வரவில்லை. எதற்கும் டிக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள் என்று நடத்துநர் தொகையைச் சொன்னார். மாதத்து மிச்சத்தையெல்லாம் சேர்த்து வைத்திருந்த கடைசி வாரத்து உறையைப் பிரித்து எண்ணினாள். ஜன்னல் ஜன்னலாகத் தைத்து, அவர் கூப்பிட்டபோதெல்லாம் போகாமல், அந்த மாதம் முழுக்க அவள் மிச்சம் பிடித்தது எவ்வளவோ அவ்வளவுதான் டிக்கெட். ஒரு காசு கூடவில்லை, குறையவில்லை.

பின்னால், கடைசி இருக்கைதான் கிடைத்தது.

அங்கிருந்து அவர் தலை மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் விழித்துக்கொண்டார். பக்கத்தில் திரும்பி ஏதோ சொன்னார். பதிலைக் காது கொடுத்துக் கேட்டார். வாய்விட்டுச் சிரித்தார்.

முன் இருக்கைக்கு அடியிலிருந்து மெல்லிய நீர்க்கோடு ஒன்று, விரித்த குடையை மடக்கி வைத்தால் வடியுமே அது மாதிரி, பேருந்தின் தரையில் நெளிந்து நெளிந்து பின்னால் வந்தது. ஒவ்வொரு இருக்கையாகத் தாண்டி வந்து, அவள் பாதத்தைத் தொட்டு நின்றது. உப்பு வாடை.

வெளியே சுள்ளென்று வெயில்.