குழல் விலகியாச்சு

மேரிகோல்ட் டாங்கியில் ஓட்டுநர் உட்காரும் இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் வாடை அடித்தது. பழுது பார்த்துக் கொண்டுவந்து மூன்று நாளாகியும், பெட்ரோலும் வியர்வையும் லிபியப் பாலைவனத்துப் புழுதியும் கலந்த நெடியைத் தாண்டி, அது புது ஓட்டுநர் எட்வின் டிரான்டரின் தொண்டையில் வந்து உட்கார்ந்தது. தலைக்கு மேலிருந்த இரும்பு மூடியின் உட்பக்கம் வெள்ளைப் பெயின்ட் மூன்று நான்கு பூச்சுக்கு அப்பிக் கிடந்தது. வேறெங்கும் அப்படி இல்லை.

"இதை முன்னாடி ஓட்டினவன் எங்கே?" என்று கேட்டான்.

பீரங்கி சுடும் மாபட் தேநீரை ஊதிக்கொண்டே சொன்னான். "ஸ்பர்லிங்கா? கெய்ரோவுக்கு மாத்திட்டாங்க மச்சான். ஆபீஸ் வேலை. ஃபேனுக்கு அடியில உக்காந்து உன்னை மாதிரி ஆளுங்களை நெனச்சு சிரிச்சிட்டிருப்பான்."

சார்ஜென்ட் ஹார்க்னஸ் சிரிக்கவில்லை. பாலஸ்தீனத்தில் படையின் குதிரைகளைப் பறித்துக்கொண்டு டாங்கிகளைத் தந்தபோது, தன் பெண் குதிரையின் பெயரையே இந்த வண்டிக்கு எழுதியவர் அவர். "இந்தப் படையில எவனும் குதிரையை விட்டுட்டு ஓடினதில்ல, டிரான்டர். அதை ஞாபகம் வெச்சுக்கோ."

பீரங்கிக் குழல் வலப்பக்கம் திரும்பி நின்றால் ஓட்டுநரின் மூடி திறக்காது. குழல் பொருந்திய மேல்கூண்டும் கூடவே திரும்புவதால் உள்ளே பின்வழியும் அடைபட்டுவிடும். அதனால் வண்டி நின்றதும் டிரான்டர் ஒலிவாங்கியில், "குழல்?" என்பான். மாபட், "விலகியாச்சு" என்பான். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவன் உயிர் இருந்தது.

அவன் வந்த இரண்டாம் நாள் நண்பகலில் அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் மூடியைத் தள்ளினான். நாலு விரல் கூட எழவில்லை. குழலில் இடித்து நின்றது.

"மாபட்! குழல் மேலே நிக்குதுடா."

"நான் எதுவும் சொல்லலையே. இப்பதான் ஹெட்போனை மாட்டுறேன்."

கூண்டைத் திருப்பும் கைச்சக்கரம் சுழலும் ஓசை கேட்டது. மூடி திறந்தது. மாபட்டின் முகம் வெளுத்திருந்தது. ஆனால் அவன் பார்த்தது சார்ஜென்டை. சார்ஜென்ட் லேசாகத் தலையசைத்தார், கணக்கு சரியாக வந்துவிட்டதைப் போல.

மூன்றாம் நாள், கானல் நீரில் அடிவானமே நெளிந்துகொண்டிருந்த வேளையில், சார்ஜென்ட் அவனை உள்ளே அனுப்பினார். "என்ஜின் சூட்டைப் பாத்துட்டு வா. டீ ரெடியாகுது."

டிரான்டர் இறங்கி, வெயில் கண்ணைக் கூசாதிருக்க மூடியைச் சாத்தினான். வெப்பமானியின் முள்ளைப் பார்த்தான். தலைக்குப் பின்னால் இரும்பு மெல்ல அரைபட்டது. கூண்டு திரும்பிக்கொண்டிருந்தது. பார்வைப் பிளவு வழியே டீ கொதிக்கும் நெருப்பு தெரிந்தது. நெருப்பருகே மாபட்டும் சார்ஜென்டும் தெரிந்தார்கள்.

அப்படியென்றால் கூண்டில் யாரும் இல்லை.

மூடியைத் தள்ளினான். நாலு விரல்.

"மாபட்!"

மாபட் எழுந்து வந்து பிளவருகே குனிந்தான். கண் கலங்கியிருந்தது. கை குழலைத் தொடவே இல்லை.

"ஸ்பர்லிங் கெய்ரோ போகல மச்சான். வண்டி தீப்பிடிச்சப்ப குழலைத் திருப்பாம நாங்க குதிச்சிட்டோம். அவன் வெளிய வரவே இல்ல. அதுக்கப்புறம் தினமும் ஹெட்போன்ல எங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டான், ஒருத்தராவது வந்து என் இடத்துல உக்காருங்கன்னு."

"திருப்புடா. கெஞ்சிக் கேக்கறேன். திருப்பு."

"நீ வந்த நாள்லேருந்து எங்களைக் கூப்பிடுறதில்ல."

பின்னாலிருந்து சார்ஜென்டின் குரல் வந்தது. "மாபட். டீ ஆறுது."

மாபட் போனான்.

டிரான்டர் மூடியை அடித்தான். பிறாண்டினான். பெயின்ட் செதில் செதிலாக மடியில் விழுந்தது. அடியில் இரும்பு கருத்திருந்தது. அந்தக் கருப்பில் கீறல்கள். பத்து விரல் அகலத்துக்கு. அவன் விரல்கள் அவற்றில் சரியாகப் பொருந்தின.

என்ஜின் அணைந்தே கிடந்தது. ஆனால் காலடி சுட்டது. புகை வாடை வந்தது.

"குழல்?" என்று ஒலிவாங்கியில் அழுதான்.

காதுக்குள், மிக அருகில், ஒரு வறண்ட குரல் பரிவோடு சொன்னது.

"விலகியாச்சு."

வெளியே வெயிலில், இரண்டு பேர் குவளைகளை எடுத்துக்கொண்டு, முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார்கள்.