உள்ளேயிருந்து இழுத்த கை

கதவைத் திறந்தவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கையில் மடக்குக் கோல்.

"நெட் கனெக்‌ஷனா? வாங்க தம்பி. பார்த்து வாங்க, வீட்டுல ஒரு பல்பு கூட கிடையாது. குருடனுக்கு எதுக்குடா வெளிச்சம்னு அக்கா வாங்கித் தரல."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கணீரென்ற குரல். அந்தக் குரலுக்காகவே நண்பர்கள் அவரை 'ரேடியோ' என்று கூப்பிடுவார்கள். அந்தக் குரலால்தான் வேலையும் கிடைத்திருந்தது. வீட்டிலிருந்தே போனில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். மறுநாள் காலையில் இணைப்பு இல்லையென்றால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். அதற்காகவே தனியாக இந்தப் பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்துக் குடிவந்திருந்தார்.

கேபிள்காரர் உள்ளே காலெடுத்து வைத்தார். வெளியே உச்சி வெயில் கொளுத்தியது. உள்ளே கிணற்றுக்குள் இறங்கியதுபோல் இருந்தது. எதிரில் கட்டட வேலை நடந்ததால், தூசிக்காக ஜன்னல்களெல்லாம் இறுகச் சாத்தப்பட்டிருந்தன. ஈரச் சுண்ணாம்பு வாடை. அதற்கும் அடியில், நெடுநாள் மூடிவைத்த பெட்டியைத் திறந்ததுபோல் இன்னொரு வாடை.

ரயில் பெட்டிபோல நீண்ட வீடு. முன் அறை, நடு அறை, பின் அறை. மேசை நடு அறையில் இருந்தது. கேபிள் வரும் கம்பமோ பின் சந்தில்.

"நான் பின்பக்கம் சுவத்துல ஓட்டை போட்டு கேபிளை உள்ள விடுறேன். குரல் கொடுத்தா இழுப்பீங்களாண்ணே?"

"ஓ, இழுக்கிறேனே. நான் முன்னாடிதான் இருப்பேன், கூப்பிடுங்க."

முன் கதவைச் சாத்திவிட்டுக் கேபிள்காரர் சந்துக்குப் போனார். பழைய காலத்துச் சுவர், லேசில் வழிவிடவில்லை. டிரில்லிங் மெஷின் கத்திக் கத்திக் கடைசியில் உள்ளே போய்ச் சேர்ந்தது. ஓட்டை வழியாகக் குளிர்ந்த காற்று வந்து முகத்தில் பட்டது. கேபிள் நுனியை நுழைத்துவிட்டு, வாயை ஓட்டையருகே வைத்து, "அண்ணே, இழுங்க" என்றார்.

கேபிள் நகர்ந்தது. வெட்டி வெட்டி இழுக்காமல், தொழில் தெரிந்தவர் இழுப்பதுபோல ஒரே சீராக.

"போதும்ணே."

நின்றது.

கண் தெரியாவிட்டாலும் மனுஷன் கெட்டிக்காரர்தான் என்று நினைத்துக்கொண்டார். வீட்டைச் சுற்றி வந்து, முன் அறையின் இருட்டைக் கடந்து பின் அறைக்குப் போனார். போன் வெளிச்சத்தைத் தரையில் சாய்த்து வைத்துவிட்டு, மண்டியிட்டுச் சுவரோரம் கிளிப் அடிக்கத் தொடங்கினார். பக்கத்தில் யாரோ குனிந்து நிற்பது தெரிந்தது. மூச்சுச் சத்தமும் கேட்டது. கிளிப்புக்காகக் கையை நீட்டினார். உள்ளங்கையில் கிளிப் வந்து விழுந்தது. கூடவே விரல் நுனிகள் பட்டன.

"என்னண்ணே, கை இப்படி ஜில்லுன்னு இருக்கு?"

அடுத்த கிளிப் வந்தது.

கேபிள் நடு அறைக்கு வந்து சேர்ந்தது. ரூட்டரை மேசையில் வைத்து இணைத்தார். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக விழித்தன. போனைக் கையில் எடுத்துக்கொண்டு, "வைஃபைக்கு என்ன பேர் வைக்கட்டும்ணே?" என்று பின் அறையைப் பார்த்துக் கேட்டார்.

பதில் முன் அறையிலிருந்து வந்தது.

"ரேடியோன்னே வைங்க."

கோல் தட்டிக்கொண்டே அவர் வந்தார். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. "மன்னிச்சுக்கோங்க தம்பி, பாட்டுக் கேட்டுட்டே அசந்துட்டேன். நீங்க கூப்பிட்டதே காதுல விழல. கேபிளை யார் இழுத்தா, உங்க ஆளா?"

கேபிள்காரர் நிமிர்ந்தார்.

"எந்த ஆளு?"

"உங்க கூட வந்தவர்தான். நீங்க சந்துக்குப் போனதும் என்னைத் தாண்டி உள்ள போனாரே. டீ சாப்பிடுறீங்களான்னு கேட்டேன், வாயே திறக்கல."

"நான் தனியாத்தான் வந்தேன்."

பின் அறையில் ஒரு கிளிப் தரையில் விழுந்து உருண்டது.

இன்னொன்று. இது இன்னும் கொஞ்சம் அருகில்.

"தம்பி" என்றார் ரேடியோ, அடிக்குரலில். "நமக்கு நடுவுல யாரோ மூச்சு விடுறாங்க."

கேபிள்காரரின் கையிலிருந்து போன் நழுவித் தரையில் மோதியது. வெளிச்சம் செத்தது. ரூட்டரின் பச்சைப் புள்ளிகள் மட்டும் மிஞ்சின. அவர் வலது கையை இருட்டில் துழாவினார். ஒரு கை கிடைத்தது. இறுகப் பற்றிக்கொண்டார்.

"வாங்கண்ணே, வெளிய போயிடலாம். பயப்படாதீங்க, நான் இருக்கேன்."

இடக்கையால் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார். பிடித்த கை அடம்பிடிக்காமல் கூடவே வந்தது. நிலையைத் தாண்டி முன் அறைக்குள் வந்தபோது, எதிரே கதவு திறந்து வெயில் ஒரு கோடாக உள்ளே விழுந்தது.

வாசலிலிருந்து கணீரென்ற குரல் கேட்டது.

"தம்பி, நான் வெளிய வந்துட்டேன். இருட்டு எனக்குப் பழக்கம்தானே. நீங்க ஏன் இவ்வளவு மெதுவா வர்றீங்க?"

வெயிலில், கோலை ஊன்றிக்கொண்டு ரேடியோ நின்றிருந்தார்.

கேபிள்காரர் பிடியை விட்டார்.

அது விடவில்லை.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று மட்டும் அவருக்குத் தோன்றியது. கண்களை வாசல் வெயிலிலேயே நிறுத்தி, கையை இழுத்துக்கொண்டு நடந்தார். வெயில் தோளில் பட்டபோதுதான் வலது கை லேசானது.

அன்று மாலையே அக்கா வீட்டில் ரேடியோவுக்கு வேறொரு இணைப்புக் கொடுத்தார். எல்லா விளக்கையும் போடச் சொல்லி, அக்காவைப் பக்கத்திலேயே நிற்க வைத்து வேலையை முடித்தார். "சின்னப் பிள்ளை மாதிரி பயப்படுறாரே" என்று அக்கா சிரித்தார். ரேடியோ சிரிக்கவில்லை. காலையில் அவர் வேலையில் சேர்ந்தார். அந்த வீட்டுச் சாவியை அக்காதான் வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கீழே விழுந்த போனை எடுக்கக் கேபிள்காரர் போகவேயில்லை.

மறுநாள் பிற்பகல் அவர் தன் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வரப் போனார். சாலையைக் கடக்க வலது கையை நீட்டினார். எப்போதும் ஓடிவந்து பிடித்துக்கொள்பவள், அன்று அவரைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தாள்.

"ஏம்மா, அந்தப் பக்கம் வண்டி வருதுல்ல? இந்தக் கையைப் பிடிச்சுக்கோ."

மகள் சாதாரணமாகச் சொன்னாள்.

"அதைத்தான் அவங்க பிடிச்சிருக்காங்களேப்பா."