முடிக்க மனமில்லாத நாவல்

"அந்தப் புத்தகம் எனக்கு இண்டைக்கே வேணும்!"

நூலகத்தின் அமைதியில் தனுஷியாவின் குரல் கொஞ்சம் கூடுதலாகவே ஒலித்துவிட்டது. அந்த அமெரிக்க நாவலைக் கையில் வைத்திருந்தவன் திரும்பிப் பார்த்தான். தேன் நிறத்தில் இரண்டு கண்கள்... சுருண்ட முடியில் அங்கங்கே மரத்தூள்.

"இன்னும் ஒரு அத்தியாயம் இரிக்கு ரீச்சர்..."

"நூறு பக்கத்துக்கு ஆறு கிழமையா? நாளைக்கு ஏ.எல். வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் இதப் படிப்பிக்கோணும். இங்கிலீஷ் விளங்கினாத்தானே முடிக்கிறதுக்கு!"

சொன்ன பிறகுதான் நாக்கு சுட்டது. அந்தக் கண்களில் ஏதோ அணைந்தது. அவன் புத்தகத்தை மெல்ல மேசையில் வைத்தான்.

"விளங்கினபடியாத்தான் ரீச்சர், முடிக்க மனமில்ல."

மாரி மழைக்குள் குடையில்லாமல் இறங்கிப் போய்விட்டான்.

"என்ன தங்கச்சி, இப்படிச் சொல்லிட்டீங்க?" என்றார் நூலகர் கைறுன்னிஸா. "டரல் மர வேலை செய்யிற புள்ள. அவன்ட கூட்டாளி ஐவன் கட்டார்ல வேலைக்குப் போய்த் தனியக் கிடக்கான். பின்னேரத்தில போன் எடுத்து, இதத் தமிழாக்கித்தான் வாசிச்சுக் காட்டுறான். மாங்கேணில ஒரு துண்டுக் காணி வாங்கி, தோணி செய்யிற பட்டறை போடோணும் எண்டு ரெண்டு பேருக்கும் சின்னனில இருந்தே கனவு."

தனுஷியா மேசையிலிருந்த புத்தகத்தை எடுத்தாள். அமெரிக்காவில் வேலையும் சோறும் இல்லாத ஒரு காலத்தில், சொந்த நிலத்தைக் கனாக் கண்டபடி ஊரூராய் அலையும் இரண்டு கூலிக்காரர்களின் கதை அது. நட்பு, தனிமை, கனவு... பரீட்சைக்கு வரும் தலைப்புகள் என்று மட்டுமே அவள் குறித்து வைத்திருந்தாள்.

மறுநாள் பாடம் முடிந்ததும் வாவிக்கரையில் டரல் வாடகைக்கு எடுத்திருந்த பட்டறைக்குப் போனாள்.

"மன்னிப்புக் கேக்க வந்தன்."

அவன் மரம் சீவுவதை நிறுத்தவில்லை. "புத்தகம் கொண்டு வந்தீங்களா?"

"ஓம்..."

"அப்ப மன்னிச்சாச்சு. இரிங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும்.

அன்று போனில் ஐவனுக்கு வாசித்துக் காட்டியது அவள்தான். கடைசி அத்தியாயத்தை அல்ல. "முதல்ல இருந்து ஒருக்கா வாசிப்பமே..." என்றான் டரல். அவளும் உடனே தலையாட்டினாள். ஏன் அத்தனை அவசரமாகத் தலையாட்டினோம் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தாள்.

வீடு... பூட்டைத் திறந்தால் அவளை யாரென்று கேட்க ஆளில்லாத வீடு. அம்மாவும் அக்காவும் கனடாவில். 'நீயும் வந்திரு' என்று கிழமைக்கொரு அழைப்பு.

மூன்று கிழமை ஓடியது. வாவியில் மழை கோலம் போடும். அவள் வாசிப்பாள். விளங்காத சொல் என்று சொல்லி, விளங்கிய சொல்லையே டரல் திரும்பத் திரும்பக் கேட்பான். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் வந்ததும் இருவரும் எதையாவது சொல்லிப் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

ஒருநாள் ஐவனே கேட்டான். "முடிவ வாசிங்க ரீச்சர். எனக்குக் கேக்கோணும்."

வாசித்தாள். அந்தக் கதையில் கனவு கைகூடவில்லை. இரண்டு பேரில் ஒருவன்தான் மிஞ்சினான். போனில் ஐவன் செருமினான்.

"டரல்... நான் திரும்பி வரமாட்டன்டா. இஞ்ச ஒரு புள்ளயக் கட்டப்போறன். ரெண்டு மாசமா ஒனக்குச் சொல்ல வாய் வரல்ல... காணிய நீ மட்டும் வாங்கு."

"சந்தோசம்டா," என்றான் டரல். போனை வைத்த பிறகு, அரைகுறையாய் நின்ற தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"புத்தகம் முடிஞ்சுது. இனி இஞ்ச வரத் தேவையில்ல ரீச்சர். எனக்கு இரக்கப்பட்டு நிக்கவும் வேணாம்."

வீம்பு! அவள் புத்தகத்தைப் பையில் போட்டாள். வாசல் படலை வரை போனாள்... கால் நகரவில்லை. திரும்பி வந்தாள்.

"இரக்கமா? வருசக்கணக்கா தனியத்தான் இரிக்கன் டரல். அது ஒரு நாளும் நோகல்ல. இந்த மூணு கிழமையாத்தான் வீட்டுக்குப் போனா நோகுது..."

அவன் திரும்பினான். கண்கள் நனைந்திருந்தன.

"கனடாக்கு வரல்ல எண்டு நேத்து அம்மாக்குச் சொல்லிட்டன்," என்றாள். "எனக்கு... உங்கள விருப்பம்."

மழை ஓட்டில் இரைந்தது. அவன் இரண்டு அடி கிட்ட வந்து நின்றான்.

"எனக்கு அண்டைக்கு நூலகத்திலயே விருப்பம். ஏசின வாயைத்தான் முதல்ல பார்த்தன்..." என்றவன் சட்டென்று தயங்கினான். "ஆனா பொய் சொல்ல மாட்டன் தனுஷியா. நாங்க பார்த்து வச்ச மாங்கேணிக் காணி நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. முழுக்க மணல். வேலி இல்ல. நல்ல தண்ணியும் இல்ல."

அவள் அவன் கையைப் பிடித்தாள். அந்த உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு.

"அப்ப முதல்ல கிணறு வெட்டுவம்."